பெத்தவ அடிக்கலாம்

சுடலைச்செல்வியின் மோதிர விரல் ஒடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில். டேன் அறுபது எவ்வளவு என்று கணக்கு வாத்தியார் ரங்கராஜ் கேட்டார். ரூட் மூன்று என்று அவள் சொன்னாள். பதில் சரிதான். ஆனால் எழுந்து, கூரையைப் பார்த்து, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"கேட்ட ஒடனே வரணும். பரீட்சை ஹால்ல ஒனக்காகக் கடிகாரம் நின்னுக்கிட்டு இருக்குமா?"

ஸ்டீல் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து, அதன் விளிம்பால் அவள் விரல் மொளியில் நாலு அடி அடித்தார். மூன்றாவது அடியிலேயே விரல் போய்விட்டது. நாலு என்று சொல்லியிருந்ததால் நாலாவதையும் அடித்தார்.

அவள் அம்மா இசக்கித்தாய் இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறவள். ஏரல் பக்கத்து வயக்காட்டுக்காரி; கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தவள். புருசன் மாசானம் ட்ரெய்லர் ஓட்டுகிறான், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். அன்று சாயங்காலம் கம்பெனி வேனை விட்டு இறங்கி வந்தவள், மகள் இடது கையால் சோறு தின்பதைப் பார்த்தாள். வலது கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் விரல் கத்திரிக்காய் மாதிரி கறுத்து வீங்கிக் கிடக்கிறது.

"எந்தப் பாவி செஞ்சது?"

"சாரு."

அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டு போட்டார்கள். அங்கே இருந்த நர்ஸ் ஒரு தாளில், பிள்ளைகளுக்கான உதவி நம்பர் 1098 என்று எழுதி அவள் உள்ளங்கையில் வைத்து மடக்கிவிட்டாள். ரெண்டு தடவை யோசித்திருந்தால் இசக்கித்தாய் அந்த நம்பரைப் போட்டிருக்கவே மாட்டாள். யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று போட்டாள். மூன்றாம் நாள் ரெண்டு அதிகாரிகள் பள்ளிக்கு வந்தார்கள். அந்த வாரமே ரங்கராஜைச் சஸ்பெண்ட் செய்தார்கள். நியாயம் இவ்வளவு லேசாகக் கிடைக்கும் என்று தெரியாமல் போச்சே என்றுகூட அவள் நினைத்தாள்.

அது ஜனவரி. மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

பதினோரு வருசமாக ரங்கராஜ் கணக்கில் ஒரு பிள்ளையையும் தோற்க விட்டதில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் மகனும் உப்பளத்தில் வேலை செய்கிறவள் மகளும் அவர் கையால் அடிவாங்கித்தான் பாலிடெக்னிக் போய்ச் சேர்ந்திருந்தார்கள். இப்போது வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள், கணக்குக்கு ஆள் இல்லை. கம்பெனி வேனில் இசக்கித்தாய் பக்கத்துச் சீட்டு காலியாகவே வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவள் போய் உட்கார்ந்தால் மற்ற பெண்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். வகுப்பில் சுடலைச்செல்வியின் பெஞ்சில் அவள் மட்டும் இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் போட்டார்கள். இறால் கம்பெனியில் அவளோடு ஒரே மேசையில் நின்று வேலை பார்க்கிற சந்தனச்செல்விதான் முதலில் எழுந்தாள். அவள் மகனும் அதே வகுப்பு.

"இவ மவளுக்குப் போனது ஒரு விரலு. கட்டு போட்டா கூடிரும். எங்க பிள்ளைகளுக்கு ஒரு வருசம் போவுதே, அதுக்கு எந்த ஆஸ்பத்திரில கட்டு போடுவாவ? கேளுங்க அவகிட்ட!"

"அடிக்கதுக்கும் ஒரு அளவு இல்லையா? எலும்ப ஒடிக்கவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதோம்?" என்றாள் இசக்கித்தாய்.

"அடி வாங்காமப் படிக்க, ஒம் மவ என்ன கலெக்டர் மவளா?"

கூட்டம் சிரித்தது. தலைமையாசிரியை ஜெப்ஸி கையமர்த்தினாள். அவள் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"இசக்கித்தாயம்மா, ஆறாம் வகுப்புல சேர்க்க வந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க? 'கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்'னு சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

சொல்லியிருந்தாள்தான். எல்லா அம்மாக்களும் சொல்கிறதுதானே என்று சொன்னாள். வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட்டுப் போங்க என்கிற மாதிரி வாயில் வந்த பேச்சு. அதை யாராவது எழுதி வைத்துக்கொள்வார்களா?

அன்று இரவு மாசானம் ஓசூர் ரோட்டிலிருந்து போனில் ஏசினான். "ஊரோட ஒத்துப் போவத் தெரியாதா ஒனக்கு? புகாரு பொய்னு எழுதிக் குடுத்துத் தொலை." அதற்கும் அவள் அசையவில்லை. மகள் சொன்னபோதுதான் அசைந்தாள். "எழுதிக் குடுத்துரும்மா. ஒருத்தரும் எங்கிட்டப் பேச மாட்டேங்காவ. தண்ணி பாட்டில்ல கூட எச்சி துப்பி வச்சிருக்காவ."

'வீட்டுக் கதவிடுக்கில் மாட்டி என் மகள் விரல் ஒடிந்தது. கோபத்தில் ஆசிரியர் பெயரைச் சொல்லிவிட்டேன்' என்று ஜெப்ஸி சொல்லச் சொல்ல அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பத்து நாளில் ரங்கராஜ் திரும்பி வந்தார். பிள்ளைகள் வெடி போட்டார்கள்.

வந்த அன்றே வகுப்பில் சொன்னார்: "இனி நான் ஒருத்தரையும் தொட மாட்டேன். சட்டம் வந்திருக்குல்ல, மதிக்கணும்."

நாலாம் நாள் சுடலைச்செல்வி டெஸ்டில் முப்பத்தெட்டு மார்க் வாங்கினாள். விரல் கூடாமல் பேனா பிடிக்க வரவில்லை. கம்பெனிக்குப் போன் வந்தது.

பாதி ஷிப்டில் ஓடிவந்தாள் இசக்கித்தாய். காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கிடந்த கை வெளிறிச் சுருங்கி மரத்திருந்தது. தலைமையாசிரியை அறையில் மகள் சுவரோரம் நின்றாள். ரங்கராஜ் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு மரஸ்கேல்.

"முப்பத்தெட்டு," என்றாள் ஜெப்ஸி. "நாங்க தொடக் கூடாது. பெத்தவ அடிக்கலாம். அத யாரும் கேக்க மாட்டாங்க."

"டீச்சர், நான் வீட்டுல போயி கண்டிக்கேன்."

"வீட்டுல அடிச்சீங்களா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? இஷ்டம் இல்லன்னா டி.சி. தாரேன், வாங்கிட்டுப் போங்க. பிள்ள பிரைவேட்டா எழுதட்டும்."

இசக்கித்தாய் மகளைப் பார்த்தாள். மகள் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள். அம்மா ஸ்கேலை எடுத்து அதில் ஒன்று வைத்தாள்.

"பேருக்கு அடிக்காதீங்கம்மா," என்றார் ரங்கராஜ், பாடம் நடத்துகிற மாதிரி. "பேருக்கு அடிச்சா பிள்ளைக்கு அசிங்கந்தான் மிச்சம். பயம் வராது. இது கணக்குல சேராது. மறுபடியும் ஒண்ணுல இருந்து."

அவர் எண்ண எண்ண அவள் அடித்தாள். மரத்த கைக்கு ஒன்றும் தெரியவில்லை; எவ்வளவு வேகம், எங்கே விழுகிறது, ஒன்றுமே தெரியவில்லை. மகளின் உள்ளங்கை சிவந்து, பிறகு கோடு கோடாகத் தடித்ததைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பத்து முடிந்ததும் ஜெப்ஸி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். திரும்பிப் போகிற பஸ்ஸில் கைக்கு உணர்ச்சி வந்து எரிந்தது. அவள் அழுதாள்.

அடுத்த வாரம் மறுபடி போன். இந்தத் தடவை வகுப்பறைக்குள், நாற்பத்தொரு பிள்ளைகள் பார்க்க. அழுதுகொண்டே அடித்தாள். சந்தனச்செல்வி மகன் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நிமிந்து பாருல" என்றார் ரங்கராஜ்.

நடுவில் ஒரு அதிகாரி வந்து போனார். சார் யாரையாவது அடிக்கிறாரா என்று வகுப்பில் கேட்டார். இல்லை சார் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சுடலைச்செல்வியும் சொன்னாள். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டு, பள்ளியில் ஒழுங்கு நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவது போன் வந்த அன்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்டான்: "ஒனக்கு மவதான் வேலையா, இதுதான் வேலையா? நாளையிலேருந்து அங்கனயே இருந்துக்கோ." வெயிலில் பஸ் கிடைக்காமல் பாதி தூரம் நடந்தாள். நடக்க நடக்க, சூப்பர்வைசர்மேல் இருந்த ஆத்திரம் மாசானம்மேல் போனது. அங்கிருந்து ரங்கராஜ்மேல் போனது. பள்ளி கேட்டுக்குள் நுழையும்போது அது மகள்மேல் வந்து நின்றது. ஒரு கணக்கு, ஒரு பொட்டைக் கணக்கு இவளுக்கு வராதா?

ஜெப்ஸி வாயைத் திறக்கும் முன்னாலேயே மேசைமேல் கிடந்த ஸ்கேலை எடுத்துவிட்டாள். "கைய நீட்டு" என்று சொல்லக்கூட இல்லை. தோளில், முதுகில், குனிந்தபோது பிடரியில் அடித்தாள். ஸ்கேல் முறிந்தது. கையால் அடித்தாள். ரங்கராஜ் பத்தோடு எண்ணுவதை நிறுத்திவிட்டார். "போதும்மா," என்றார். அவள் நிறுத்தவில்லை. "போதும்னு சொல்லுதேன்லம்மா!" என்று அவரே எழுந்து கையைப் பிடித்தார். ஜெப்ஸி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

சுடலைச்செல்வி சுவரைப் பிடித்து எழுந்தாள். அவிழ்ந்த ரிப்பனை எடுத்துச் சடையில் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்:

"போன தடவ அழுதியே. இன்னைக்கு ஏம்மா அழல?"

மகள் வகுப்புக்குப் போய்விட்டாள். பரீட்சையில் கணக்குக்கு எண்பத்தாறு வாங்கினாள். ரிசல்ட் வந்த மறுநாளே, மதுரையில் ஹாஸ்டல் உள்ள பள்ளி வேண்டும் என்று அப்பாவிடம் போனில் பேசி, அம்மாவிடம் கேட்காமலே போய்ச் சேர்ந்தாள்.

ஜூனில் புது வகுப்பு தொடங்கியது. பெற்றோர் கூட்டத்துக்கு வரச்சொல்லி ஜெப்ஸியே போன் செய்தாள். மேடைக்குக் கூப்பிட்டு, "அம்மான்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லி இசக்கித்தாய்க்குத் துண்டு போர்த்தினாள். எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தாள். தலைமையாசிரியை அறைக்கு முன்னால் இருந்த பெஞ்சில் சின்ன வயசுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் ஜெயபிரியா, மகள் ஒன்பதாவது படிக்கிறாள். உள்ளே வரச்சொல்லியிருக்கிறார்களாம்.

"அக்கா, நான் எம்பிள்ளைய இதுவரைக்கும் ஒரு அடி அடிச்சதில்ல. எப்படிக்கா அடிப்பீய?"

இசக்கித்தாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தணித்துச் சொன்னாள்.

"மூஞ்சியப் பாக்காதளா. பாத்தா கை ஓடாது. மொதல்லயே பலமா அடிச்சிரு. மெதுவா அடிச்சேன்னா அவரு அதக் கணக்குல சேக்க மாட்டாரு, ஒண்ணுல இருந்து எண்ணுவாரு. பிள்ளைக்குத்தான் கூடுதலா விழும்."

ஜெயபிரியா தலையாட்டினாள். உள்ளேயிருந்து மணியடித்துக் கூப்பிட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

இசக்கித்தாய் படியிறங்கி மைதானத்தைக் கடக்கும்போது முதல் அடி கேட்டது. நின்று கேட்டாள். சத்தம் போதவில்லை.

"ஒண்ணுல இருந்து" என்றது உள்ளேயிருந்து ரங்கராஜின் குரல்.

அவள் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.