சுவரில் ஒரு குறை

என் காம்பராச் சுவர் இரண்டாவது பை பூச்சு மாவிலேயே வழுவழுவென்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு பை வாங்கினேன் என்றால், குறை சுவரில் இல்லை, என்னிடம்.

லிந்துலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், ஒற்றையறைக் காம்பராக்களின் வரிசை. பழைய சுண்ணாம்பு அடுக்கடுக்காய் உரிந்து கிடந்த சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆசைப்பட்டு, தலவாக்கலையில் பைஸர் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் கிருஷாந்தி, பெயின்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் சுண்ணாம்பைச் சுரண்டுங்கள் என்றாள். பிறகு சுவரின் பள்ளங்களை நிரப்பும் வோல் பில்லர் மாவைத் தண்ணீரில் எப்படிக் குழைப்பது, தகட்டால் எப்படி இழுப்பது, காய்ந்தபின் சேண்ட் பேப்பரால் எப்படித் தேய்ப்பது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் இருந்தது. மறுநாளும் போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன்.

சுவர் முடிந்ததும் கடைக்குப் போகக் காரணம் இல்லாமல் போனது. பூச்சு வெடிக்கிறது என்று சொல்லி ஒரு பை வாங்கினேன். உரிகிறது என்று இன்னொன்று. அடுத்த தடவை, பனியில் காயவே இல்லை என்று நான் ஆரம்பித்தபோது உள்ளேயிருந்து பைஸர் நானா எழுந்து வந்தார்.

அவருக்கு என்மேல் கோபமில்லை. கிருஷாந்தி தண்ணீர் அளவைத் தப்பாகச் சொல்லியிருக்கிறாள், கடைப் பெயர் கெடுகிறது, இப்படியென்றால் அவளை நிறுத்திவிட வேண்டியதுதான் என்றார். அவள் கண் கலங்கித் தரையைப் பார்த்தாள்.

சுவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நானா எங்களைத் த்ரீவீலரில் ஏற்றினார். வழியெல்லாம் ஒரே யோசனை. முந்தி ஓடிப்போய் ஆணியால் சுவரைக் கீறிவிட்டால் என் பொய் தப்பும், அவள் வேலை போகும். உண்மையைச் சொன்னால் இனி அவள் முகத்தில் விழிக்க முடியாது. சே, என்ன மனுஷன் நான்.

அம்மா கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"சுவத்துல ஒரு குறையும் இல்ல நானா. இவங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். இவங்களப் பாக்கத்தான் பொய் சொல்லிக்கிட்டு வந்தேன்."

நானா சுவரைத் தடவினார். அளவெல்லாம் சரிதான் என்று அவளிடம் முணுமுணுத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார்.

கிருஷாந்தி போகவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நடந்தாள். நாலு நாள் தேய்த்த சுவர், எறும்பு ஏறினாலும் வழுக்கும். மூலையில் நின்றாள். திட்டப்போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்த எடத்துல மட்டும் லேசா சொரசொரன்னு இருக்கு," என்றாள். "நாளைக்கு வந்து இன்னொரு பை வாங்கிட்டுப் போங்க."