அடக்க ஏட்டில் என் பெயர்

செத்துப் புதைக்கப்பட்ட பின்னரும் எழுபதாண்டுகள் உண்டு, உறங்கி, மணமுடித்து, அக்காவிடம் வசைபெற்று, ஓய்வூதியமும் வாங்கும் பேறு இவ்வுலகில் எனக்கன்றி எவர்க்கும் வாய்த்ததில்லை. நகையாதீர், நூல்பல கற்றோரே!

கார்முகில் கவிந்து நண்பகலே மாலையென மயங்க, கூரைநீர் வழிந்து தெருவெல்லாம் சிற்றாறாய்ப் பெருகிய ஒரு நாளில், குடும்பக் கொடிவழி வரையும் வேட்கை உந்த, மணிக்கூண்டு ஓங்கிய பழைய மாதா கோயிலின் பணியறையை அடைந்தேன்.

"ரொம்பப் பழைய ஏடுங்க, தொட்டா உதிரும். எதுக்கு வேணும்?" என்றார் எழுத்தர்.

"நான் பொறந்ததுக்குச் சாட்சி வேணும்."

"அதான் நேர்ல நிக்கிறீங்களே ஐயா!"

பங்குத்தந்தையின் ஒப்புதல் வருவதற்குள் நரைத்த என் தலை இன்னொருமுறை நரைத்தது. பின்னர், யானையும் தும்மும் அளவு தூசியெழத் திருமுழுக்கு ஏட்டை விரித்தோம். நான் பிறந்த நாளையே தன் பிறந்தநாளாகக் கொண்டு, என் பெற்றோர் பெயர்க்கு நேரே, நான் கேட்டேயறியாத பெயருடன் ஓர் ஆண்மகவு இருந்தது. என் பெயர் இல்லை. ஐயுற்ற எழுத்தர் அடக்க ஏட்டையும் புரட்டினார். அங்கே, அதே பெற்றோர்க்கு அதே நாளில் பிறந்து மறுநாள் மண்புகுந்த மகவு. பெயரோ என் பெயர்! அனலிடைப்பட்ட புழுவெனத் துடித்த நெஞ்சு, "நான் யார்?" என்னும் வினா ஒன்றையே சுமந்து வீடு திரும்பியது.

விடையறிந்தவர் எவரேனும் எஞ்சியிருப்பின் அது அக்கா ஒருத்தியே. ஞாயிறு எழுந்தது என்று நான் சொன்னாலும், பலகணி திறந்து பார்த்த பின்னரே நம்புபவள் அவள்.

"அக்கா, நான் செத்துட்டேன்."

"அப்போ காலையில ரெண்டாந்தரம் தட்டை நீட்டினது உன் ஆவியா?"

படியெடுத்த தாளை நீட்டினேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எழுதினவரு தப்பா எழுதியிருப்பாரு. நீயும் உன் புளுகும்!"

"அப்போ இந்த இன்னொரு பேரு யாருதுக்கா?"

மழை ஓய்ந்து கூரைநீர் மட்டும் சொட்டிய வேளையில், பட்டாணியை ஒதுக்கிவைத்தாள் அக்கா.

"ரெட்டைப் புள்ளைங்கடா. மூத்தவனுக்குத் தாத்தா பேரு வச்சாங்க. ஞானஸ்நானம் கொடுக்கறதுக்குள்ள மறுநாளே போயிட்டான். மாமனார் பேரு மண்ணுக்குள்ள போகக்கூடாதுன்னு அம்மா, ஏட்டுல உனக்கு எழுதின பேரை விட்டுட்டு, உன்னை அந்தப் பேராலயே கூப்பிட ஆரம்பிச்சா. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினா."

ஒரு கொம்பு முறிந்த மரம் எஞ்சிய கொம்பிலேயே இரண்டின் பூவையும் சுமப்பதுபோல், ஒருவன் உருவில் இருவராய் வளர்க்கப்பட்டிருக்கிறேன். தாய் என்னை அழைத்த போதெல்லாம் திரும்பிப் பார்த்தவன் நான், அவள் நெஞ்சில் திரும்பியவன் எவனோ!

வாழ்நாளெல்லாம் என் சொல்லில் ஒன்றையும் நம்பாத அக்கா, ஏட்டில் கண்ட அந்த அயற்பெயரால் என்னை முதன்முறையாக மெல்ல அழைத்தாள்.

"நீ செத்துட்டேன்னு சொன்னது நிஜந்தான்டா. அன்னிக்கு அவனோட சேத்து உன் பேரையும் பொதைச்சோம்."