சலவைக்கூடத்தின் சாட்சி

காலை ஐந்தரைக்குக் கொதிகலன் இரையத் தொடங்கும். அதற்கு முன்பே நாங்கள் இரண்டு கம்பி வாசல்களைத் தாண்டி, பையைத் திறந்து காட்டி, காலணியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு சலவைக்கூடத்துக்குள் நுழைந்திருப்போம். வெளியே தென் ஆஸ்திரேலியப் பாலைநிலம் எலும்பைத் துளைக்கும் குளிரில் கிடக்கும். உள்ளே பத்தே நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அறுநூறு பேரின் படுக்கை விரிப்புகள், துண்டுகள், குழந்தைகளின் உடுப்புகள் எல்லாம் சாக்குகளில் வந்து குவியும். செம்மண் ஏறிய துணியிலிருந்து ஓடும் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். வெளுப்பு மருந்தின் நெடியில் கண் எரியும். ஈர விரிப்பைத் தொட்டியிலிருந்து இழுக்கும்போது தோளில் ஏதோ நரம்பு பிய்வது போலிருக்கும்.

நான் ஐவி பாஸ்கோ. அந்தக் கூடத்தில் மூன்று வருடம் வேலை செய்தேன். படகில் வந்து இறங்கிய எல்லோரையும், பெண்கள், பிள்ளைகள் என்று பார்க்காமல், விண்ணப்பம் முடிகிறவரை கம்பிக்குள் வைக்க வேண்டும் என்பது சட்டம். எப்போது முடியும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. எங்கள் ஊரின் சுரங்கம் மூடிப் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கிய காலத்தில்தான் அரசாங்கம் இங்கே முகாமைக் கட்டியது. ஒரு கம்பெனி அதை நடத்தக் குத்தகை எடுத்தது. வேலை என்றதும் ஊரே போய் வரிசையில் நின்றது. நானும் நின்றேன். உள்ளே யார் இருக்கிறார்கள், ஏன் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

முதலில் சலவைக்கூடத்தில் சம்பள ஆட்கள் ஒன்பது பேர். இரண்டாம் வருடம் கம்பெனி ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பியது. மிஞ்சியது நானும் பெரிலும் தான்யாவும், இயந்திரம் பார்க்கும் ரஸ் ஹாக்கிங்கும். போனவர்கள் இடத்தில் கம்பிக்குள் இருப்பவர்களையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒரு மணி நேர உழைப்புக்கு ஒரு புள்ளி. புள்ளியைக் கொடுத்து முகாம் கடையில் சிகரெட்டோ தொலைபேசி அட்டையோ வாங்கிக்கொள்ளலாம். எங்கள் கூலியும் அதோடு உயராமல் நின்றுவிட்டது. இனாமாக ஆள் கிடைக்கும்போது எங்களுக்கு எதற்கு ஏற்றித் தருவார்கள்?

அப்படி வந்தவர்தான் இவாஸ் அலி. ஹசாரா இனத்தவர். ஆப்கானிஸ்தானில் லாரி ஓட்டியவர். மனைவியும் இரண்டு பெண்களும் பாகிஸ்தானின் குவெட்டாவில் ஒண்டியிருக்க, இவர் மட்டும் படகேறி வந்து இரண்டரை வருடமாக உள்ளே கிடந்தார். வாரம் ஒரு தொலைபேசி அட்டைக்காகத்தான் வேலைக்கு வந்தார். என்னை 'காலா' என்று கூப்பிடுவார். அவர்கள் பேச்சில் அது சித்தி.

ஒருநாள் தான்யா அவருக்கு, இறைச்சியை உள்ளே வைத்து மாவால் மூடிச் சுட்ட 'மீட் பை' ஒன்றைப் பாதி பிட்டுக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் காலா, உங்க ஊர்ல சாப்பாட்டக்கூட உள்ள போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க?"

ரஸ்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரஸ் இவர்களோடு பேசாதவர். "முறையா வந்திருந்தா நானே கை குடுப்பேன். திருட்டுத்தனமா வந்தவனுக்கு என்ன மரியாதை?" என்று எங்கள் காதுபட அடிக்கடி சொல்வார்.

விரிப்புகளைத் தேய்க்க ஒரு நீள உருளை உண்டு. சூடேறிய அந்த உருளைக்குள் ஈர விரிப்பின் ஓரத்தைக் கொடுத்தால் அது இழுத்துக்கொண்டு மறுபக்கம் மொடமொடவென்று தள்ளும். முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். கை பட்டால் உருளை நின்றுவிடும். அந்த வருடம் தடுப்பு கெட்டுப்போய், துணி பட்டாலும் நின்றது, காற்றுப் பட்டாலும் நின்றது. வேலை தேங்கியது. நான் இரண்டு முறை மேலாளர் லாங்டனிடம் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் முறை எழுதுவதற்குள் தடுப்பு செப்புக் கம்பியால் மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. உருளை பிறகு நிற்கவே இல்லை.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை. உருளையில் விரிப்புக் கொடுப்பது என் முறை. பல மாதமாக என் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அன்று பிடி நிற்கவில்லை.

"இவாஸ், கொஞ்ச நேரம் நீ நில்லுப்பா. நான் மடிச்சிடறேன்."

"தள்ளுங்க காலா. என் கையெல்லாம் லாரி ஓட்டின கை."

சத்தம் வரவில்லை. அதுதான் இன்றும் எனக்குப் புரியாதது. மறுபக்கம் நான் விரிப்பை வாங்க நின்றேன், விரிப்பு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். மணிக்கட்டுக்குக் கீழே கை தெரியவில்லை, உருளைதான் தெரிந்தது. பெரில் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினாள். ரஸ் பாய்ந்து வந்து கைப்பிடியைச் சுற்றி உருளையைத் தூக்கினார். வெந்த மாமிசத்தின் வாடை கூடம் முழுக்கப் பரவியது. தான்யா ஒரு துண்டை நனைத்துக்கொண்டு வந்து, எங்கே சுற்றுவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

மணி ஆறு பத்து. ஆறரைக்கு ஆம்புலன்ஸ் வெளி வாசலுக்கு வந்துவிட்டது. ஊர் ஆஸ்பத்திரி அங்கிருந்து ஆறே கிலோமீட்டர். ஆனால் உள்ளே இருப்பவரை வெளியே விடத் தலைநகரத்திலிருந்து அனுமதி வர வேண்டுமாம். அங்கே அலுவலகம் திறப்பது ஒன்பது மணிக்காம், எங்கள் கடிகாரத்தில் எட்டரை. முகாம் நர்ஸ் தொலைபேசியில் கெஞ்சினாள், பிறகு கத்தினாள். இவாஸ் மருந்தறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். கம்பி வலைக்கு அப்பால் ஆம்புலன்ஸின் வெள்ளைப் பக்கவாட்டு எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"என் வீட்டுக்காரிகிட்ட சொல்லாதீங்க காலா" என்றார். "இந்த வாரம் நான் போன் பண்ணலேன்னா, அட்டை கிடைக்கலேன்னு நினைச்சுக்குவா."

எட்டே முக்காலுக்கு வாசல் திறந்தது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் இன்னும் ஒரு விரலாவது நின்றிருக்கும் என்று மருத்துவர் நர்ஸிடம் சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை லாங்டன் எங்கள் நால்வரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் நான்கு தாள்கள். நான்கிலும் ஒரே வாசகம்: மேற்படி நபர் மனச்சோர்வால் தானே வேண்டுமென்று கையை உருளைக்குள் விட்டார். இயந்திரம் சரியான நிலையில் இருந்தது.

"ஐவி, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்" என்றார். முகத்தில் எப்போதுமுள்ள சிரிப்பு.

"அவரு வேணும்னு விடலையே."

"நீங்க மறுபக்கம் நின்னுக்கிட்டு இருந்தீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? இவங்க உதட்டத் தச்சுக்கிறாங்க, பிளேட முழுங்கறாங்க. இது புதுசா?"

"தடுப்புக் கம்பி கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன்."

"அப்படி ஒரு காகிதம் எங்ககிட்ட இல்ல." அவர் தாளை என் பக்கம் நகர்த்தினார். "அடுத்த சனிக்கிழமை நாடாளுமன்றக் குழு ஊருக்கு வருது. முகாம் இருக்கணுமா, மூடணுமான்னு ஜனங்ககிட்டக் கேக்கப்போறாங்க. விபத்துன்னு வெளிய போச்சுன்னா மூடிடுவாங்க. அப்புறம் ஊருல யார் வீட்டுல அடுப்பு எரியும்? வேலையில சேரும்போது உள்ள நடக்கறத வெளிய பேசமாட்டேன்னு எழுதிக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அவருக்கு என்ன ஆகும்?" என்று தான்யா கேட்டாள்.

"தன்னைத் தானே காயப்படுத்திக்கிட்டாருன்னு பதிவாகும். தனி அறையில வச்சுக் கண்காணிப்போம். அவர் நன்மைக்குத்தான்."

நாங்கள் யோசிக்க நேரம் கேட்டு, ஆளுக்கொரு தாளோடு வெளியே வந்தோம். சாக்கு மூட்டைகளுக்கு நடுவே நின்றோம். பெரில்தான் ஆரம்பித்தாள். அவள் கணவர் நுரையீரலில் சுரங்கத் தூசியோடு படுத்த படுக்கையாக இருந்தார்.

"எனக்கு இந்த வேலை போச்சுன்னா வேற கிடையாது. ஐவி, உனக்கும் கிடையாது. அவனுக்குப் போன விரல் இனிமே வரப்போறதில்ல."

"அதுக்காக அவன் மேலயே பழிய போடுவியா?" என்றாள் தான்யா.

ரஸ் உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செப்புக் கம்பி அதற்குள் காணாமல் போயிருந்தது. புதிய தடுப்பு பளபளவென்று மின்னியது. அவர் அதை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க என் தாள் கையெழுத்தில்லாமல் கைப்பையிலேயே கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இவாஸைத் தனி அறையில் அடைத்துவிட்டார்கள் என்று நர்ஸ் சொன்னாள். என் பயம் வேலையைப் பற்றியது மட்டுமல்ல. அன்று உருளை முன்னால் நிற்க வேண்டியவள் நான். அதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஊர் மண்டபம் நிரம்பி வழிந்தது. குழு உறுப்பினர்கள் மூவர் மேடையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். லாங்டன் முன் வரிசையில். பல்பொருள் கடை வைத்திருக்கும் ட்ரெலோர் முதலில் எழுந்தார்.

"எங்க ஊரு செத்துக்கிட்டு இருந்துச்சு. முகாம் வந்தப்புறம்தான் மூச்சு வந்துச்சு. அவங்கள யாரும் கூப்பிடல. கதவத் தொறந்து விட்டா நாளைக்கு நூறு படகு வரும்."

கைதட்டல் எழுந்தது. நகரத்திலிருந்து வந்த ஒரு பெண் வழக்கறிஞர், ஓர் ஆளை ஒரு வருடம் உள்ளே வைக்க ஆகும் செலவில் இந்த ஊரில் ஒரு வீடே வாங்கிவிடலாம் என்றார். அதே ஆளை வெளியே விட்டால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது என்றார். "அப்போ உன் வீட்டுலயே வச்சுக்கோம்மா" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மண்டபம் சிரித்தது. யாரோ பாதுகாப்பு என்றார்கள், யாரோ மனிதநேயம் என்றார்கள், வரிப்பணம் என்றார்கள். ஒரு மணி நேரம் அந்த மண்டபத்தில் அவர்களைப் பற்றிப் பேசினார்கள். அவர்களில் ஒருவர் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை.

நான் எழுந்தேன்.

"நான் ஐவி பாஸ்கோ. சலவைக்கூடத்துல வேலை. செலவப் பத்திப் பேசறீங்க. நானும் ஒரு செலவச் சொல்றேன். இவாஸ் அலின்னு ஒருத்தரு. அவரோட வலது கையில மூணு விரல் போச்சு."

லாங்டன் எழுந்தார். "இந்தம்மா ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்காங்க. இவங்க பேசக்கூடாது."

மேடையிலிருந்த குழுத் தலைவர், நாடாளுமன்றக் குழு முன்னால் யாரும் பேசலாம் என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தடுப்புக் கம்பியை, எழுதிக் கொடுத்த காகிதங்களை, வாசலில் நின்ற ஆம்புலன்ஸை. பிறகு மிச்சமிருந்ததையும் சொன்னேன். "அன்னிக்கு அங்க நிக்க வேண்டியது நான். மணிக்கட்டு வலின்னு அவர நிக்கச் சொன்னேன். கை போகணும்னா என் கைதான் போயிருக்கணும். என் கை போயிருந்தா அது விபத்து. அவரு கைங்கறதால அவரே வேணும்னு விட்டுக்கிட்டாராம்."

மண்டபத்தில் சிரிப்பு இல்லை. "இந்தம்மா கனவு கண்டிருக்கு" என்றார் லாங்டன், மேடையைப் பார்த்து. "தடுப்புக் கம்பி நல்லாத்தான் இருந்துச்சு. வேற யாராவது பாத்தாங்களா?"

பின்சுவர் ஓரத்தில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

"நான் பாத்தேன்" என்றார் ரஸ் ஹாக்கிங். "அதத் தூக்கிக் கட்டினதே நான்தான். லாங்டன் சொல்லிக் கட்டினேன். கட்டாதேன்னு எனக்குள்ள ஒண்ணு சொல்லுச்சு. கட்டினேன்."

ட்ரெலோர் திரும்பிப் பார்த்தார். "ரஸ், நீயுமா அவங்க பக்கம்?"

"நான் யார் பக்கமும் இல்ல. அவங்க இங்க வந்தது இன்னைக்கும் எனக்குப் பிடிக்கல. ஆனா அந்த ஆளு என் கண்ணு முன்னால வேலை செஞ்சான். வேலை செஞ்ச எடத்துல கை போச்சு. சுரங்கத்துல நம்ம ஆளுக்குக் கை போனப்ப, அவனே விட்டுக்கிட்டான்னு மொதலாளி எழுதினானே, அன்னைக்கு நீங்கள்லாம் என்ன பண்ணீங்க? ரோட்டுல வந்து நிக்கல?"

பெரில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த தாளை எடுத்தாள். கையெழுத்துப் போட்டுவைத்திருந்தாள் போலும், என் கண்ணில் படாதபடி உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பிறகு அதைக் கிழித்தாள். கிழித்ததை மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். மறுபக்கம் தான்யா முன்பே நின்றுகொண்டிருந்தாள்.

குழு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனது. அறிக்கை வர ஆறு மாதம் ஆகலாம் என்றார்கள்.

திங்கட்கிழமை விடியலில் என் அடையாள அட்டையும் ரஸ்ஸின் அட்டையும் வாசலில் வேலை செய்யவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த தான்யாவின் அட்டைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அவள் கதவைத் தள்ளவில்லை. பெரில் தன் அட்டையை வெளியே எடுக்கவே இல்லை. சமையல் கூடத்து ஆட்களை ஏற்றி வந்த வேன் நின்றது. இறங்கிய பதினொரு பேரும் எங்களைப் பார்த்துத் தயங்கினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்து வேலியோரம் நின்றார்கள். ஐந்தரை ஆயிற்று. கொதிகலன் இரையவில்லை.

லாங்டன் மேல்கோட்டு போடாமலே வெளியே ஓடிவந்தார்.

"உள்ள புள்ளி வாங்கறவங்கள வச்சே ஓட்டிக்குவேன்."

காவலில் இருந்த பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அவங்களும் வரல சார். கூப்பிட்டுப் பாத்தேன். இவாஸ் அலிய தனி அறையிலேர்ந்து விடற வரைக்கும் ஒருத்தரும் துணிய தொடமாட்டாங்களாம்."

குளிரில் லாங்டனின் மூச்சு புகையாக வந்தது. "மத்தியானத்துக்குள்ள அடிலெய்டிலேர்ந்து ஒரு பஸ் ஆளு கொண்டாறேன். அப்புறம் நீங்க யாருமே வேண்டாம்."

"கொண்டாங்க" என்றார் ரஸ். "அஞ்சு மணி நேரப் பயணம். பசியோட வருவாங்க."

பெரில் தன் காரின் பின்கதவைத் திறந்து ரொட்டியும் வெண்ணெயும் எடுத்தாள். அந்தப் பஸ்ஸில் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாததால் இருந்த ரொட்டி முழுவதையும் வெட்டத் தொடங்கினோம்.