கயிற்றுக்கு உள்ளே

"இந்தப் பக்கம் வாங்க, கயித்துக்கு உள்ளயே வாங்க," என்று மருமகள் வழிகாட்டினாள். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அவள் சொன்னபடி நடந்தார்கள். மாமனார் செத்துப்போன பிறகும் அவர் கட்டிய கயிற்றுக்கு இன்னும் காவல் நிற்கிறோமே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டில் எதற்கு முதலிடம் தருவது என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினாள்.

அது நீல நைலான் கயிறு. அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டு வாசலிலிருந்து தெருவரைக்கும், நடைபாதைக்கு நடுவே, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் கட்டி இழுத்து வைத்தது. பக்கத்துக் காலிமனையில் கான்ட்ராக்டர் ஒருவர் ஆறு மாடி எழுப்பப் போகிறார். அவருடைய வரைபடத்தில் மதில்சுவர் எந்த இடத்தில் வருகிறதோ, அந்த இடத்தில்தான் மாமனார் கயிற்றைக் கட்டினார். "செவுரு வந்துடுச்சுன்னு நெனைச்சு நடங்க. அப்பத்தான் கஷ்டம் தெரியும். ஆபீசர் வந்து கேக்கறப்ப எல்லாரும் ஒரே குரல்ல சொல்லலாம்," என்றார்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வாழ்நாள் முழுக்க, "உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு" என்று இடமே இல்லாத இடத்தில் ஆட்களை ஏற்றியவர், கடைசிக் காலத்தில் இடம் போதாது என்று சண்டைக்கு நின்றார். கழுத்தில் பழைய விசில். யாராவது கயிற்றைத் தாண்டினால் ஒரு விசில். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போகலாம். விசில் சத்தம் கேட்டதும் மேலே சமையலறை ஜன்னலிலிருந்து மாமியார், "போதும், உள்ள வாங்க" என்பாள். அவர் போகமாட்டார். அவளும் சொல்வதை நிறுத்தமாட்டாள்.

முதலில் எல்லோரும் திட்டினார்கள். மேல்வீட்டுத் தையற்காரர் தன் மெஷினைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. மருமகள் துவைத்த துணி வாளியோடு இரண்டு தரம் இடறி விழுந்தாள். ஆனால் மனுஷன் எதற்குத்தான் பழகவில்லை? நாளடைவில் எல்லோரும் ஒருக்களித்து நடக்கக் கற்றுக்கொண்டார்கள். எதிரே ஆள் வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார், மற்றவர் போய்விடுவார்.

இதைக் கான்ட்ராக்டர் போட்டோ எடுத்துக்கொண்டார். "பாருங்க, எவ்வளவு சந்தோஷமா நடக்கறாங்க. இதுல என்ன குறை?" என்று கட்டிட அனுமதி தரும் திட்ட அலுவலகத்தில் காட்டியதாகக் கேள்வி.

அதைக் கேட்ட நாளிலிருந்து மாமனாருக்குச் சோறு இறங்கவில்லை. "நல்லாப் பழகிட்டாங்களேம்மா. நானே பழக்கி விட்டுட்டேனே," என்றார் மருமகளிடம். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. ஆபீசர் இடத்தைப் பார்க்க வரும் நாள் நெருங்கிவிட்டது. அவர் வந்து தலையாட்டிவிட்டால் சுவர் எழும்பிவிடும். "பெரிய சைஸ் பொருள் ஏதாவது அன்னைக்கு உள்ள கொண்டு வரணும். பீரோ, கட்டில், ஏதாவது. மாட்டிக்கணும். அவர் கண்ணால பாக்கணும்."

"இருக்கற கட்டிலே போதும் மாமா," என்றாள் அவள்.

ஆபீசர் வரும் நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் கயிற்றின் முனையைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே போய்விட்டார். அது தெரியாமல் வேலை முடிந்து வந்தவர்கள் எல்லோரும் ஒழுங்காகக் கயிற்றுக்குள்ளேயே நடந்து போனார்கள். தையற்காரர் வணக்கம்கூடச் சொன்னார். பதிலுக்கு அதட்டல் வராததுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

இப்போது பெட்டி மூலைக்கு வந்துவிட்டது. கட்டிடத்தின் கழிவுநீர்க் குழாய் இறங்கும் அந்த முனையில் பாதை தெருப்பக்கம் திரும்புகிறது. முன்னால் பிடித்திருந்த மகன் திரும்பினான். பெட்டி திரும்பவில்லை.

"கொஞ்சம் பின்னால போங்க."

"பின்னால போனா அங்க இடிக்குது."

"தலைப்பக்கம் தூக்கு. இல்ல, கால்பக்கம்."

"நிக்க வெச்சுக் கொண்டு போயிடலாமா?"

"நிக்க வெச்சா? பஸ்ஸுலயா போறாரு?" என்றார் தையற்காரர்.

பின்னால் மலர்வளையத்தோடு வந்துகொண்டிருந்த கான்ட்ராக்டர் நின்றார். காலையிலிருந்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். அப்போது தெருவிலிருந்து கையில் கோப்போடு ஒருவர் உள்ளே வந்தார். அவரைக் கண்டதும் கான்ட்ராக்டரின் முகத்தில் வராத சோகம் தானாகவே வந்தது.

மகனுக்கு அவர் யாரென்று தெரியாது. துக்கத்துக்கு வந்தவர் என்று நினைத்து, "சார், ஒரு கை குறையுது, இந்த மூலையைப் பிடிங்க," என்றான். மூலை அவர் கைக்கு வந்துவிட்டது. கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் பெட்டியைப் பிடித்தார்.

மருமகளுக்கு அவரைத் தெரியும். மாமனார் கூப்பிட்டுப்போன கூட்டங்களில் மேடையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். திட்ட அலுவலர். சாவு வீட்டுக் களேபரத்தில் அவருக்குச் சேதி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அவர் பெட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் துரு அப்பியது. "இந்தப் பக்கம்தான் காலியா இருக்கே, கயித்தைத் தாண்டிப் போங்களேன்," என்றார் மூச்சு வாங்க.

"விசில் அடிப்பாருங்க சார்," என்றார் தையற்காரர்.

சொன்ன பிறகுதான் யாரைத் தூக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள், அப்புறம் யாரோ விசும்பினார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று மருமகளுக்குப் பட்டது.

"அதானே, வெறும் கயிறு. நானே அவுத்து விடறேன்," என்று கான்ட்ராக்டர் மலர்வளையத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். மகனும் காலைத் தூக்கினான்.

"தாண்டாதீங்க," என்றாள் மருமகள். "அங்க செவுரு இருக்கு."

மகன் அவளைப் பார்த்தான். அப்பா போன அதிர்ச்சியில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று அவன் பயந்தது முகத்தில் தெரிந்தது.

"சார் பாக்கத்தான வந்திருக்காரு? நல்லாப் பாக்கட்டும். கயித்த அவுத்துடலாம் சார். நாளைக்கு அங்க நிக்கப்போற செவுத்த என்ன பண்றது?" அவள் மாடியைக் காட்டினாள். "மேல எத்தனை குடும்பம் இருக்கு. எல்லாரும் இந்த வழியாத்தான் போகணும்."

"ஏம்மா, தினமுமா சாவு விழும்?" என்றார் கான்ட்ராக்டர். சொன்னதுமே சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. பெட்டியைப் பிடித்திருந்த எல்லோரும், ஆபீசர் உட்பட, அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆபீசர் குழாயையும் கயிற்றையும் பார்த்தார். தன்னைக் குழாயோடு அழுத்திக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"செவுரு இங்க வராது," என்றார். "உங்க மனைக்குள்ள தள்ளி வேற படம் போட்டுக் கொண்டாங்க. மூணு ஆள் சேர்ந்தாப்ல நடக்கற மாதிரி. இல்லன்னா என் மேசைக்கு வராதீங்க." பிறகு, கெஞ்சுவது மாதிரி, "இப்பவாவது தாண்டலாமாம்மா? கை விட்டுப்போகுது," என்றார்.

அவள் தலையாட்டினாள். ஆனால் ஒருவரும் காலைத் தூக்கவில்லை. தையற்காரர் கயிற்றைப் பார்த்தார். மகன் பார்த்தான். இத்தனை நாள் பழக்கம், ஒரு வார்த்தையில் போய்விடுமா?

பெட்டியில் வைக்கும்போது மாமனாரின் கழுத்திலிருந்து கழற்றிய விசில் அவளிடம்தான் இருந்தது. அவள் அதை எடுத்து வாயில் வைத்தாள். உப்புக் கரித்தது.

இரண்டு விசில் அடித்தாள்.

எல்லோரும் காலை உயரத் தூக்கிக் கயிற்றைத் தாண்டினார்கள். ஆபீசரும் அப்படியே உயரத் தூக்கித்தான் தாண்டினார்.

மேலே சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "போதும், உள்ள வாங்க."

பெட்டி கயிற்றுக்கு மேலே ஒரு கணம் நின்றது. ஜன்னலில் அப்புறம் சத்தமில்லை. பெட்டி தெருப்பக்கம் மெதுவாகத் திரும்பி, நின்றிருந்த வண்டிக்குப் போனது.

கடைசியாகக் கான்ட்ராக்டர் மலர்வளையத்தை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார். மருமகளின் கையிலிருந்த விசிலைப் பார்த்தார். காலை இறக்கிவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு, குழாயோரமாக ஒருக்களித்து நடந்தார்.