விறகை நக்கிப் பார்ப்பவர்

பூமியின் தென்பாதியில் ஜூன்தான் குளிர்காலம்; அது பிறந்துவிட்டால் ஓயன் ஊரில் விடியும்போது புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். எல்லா வீட்டுப் புகைபோக்கியும் புகைவிடும். நெவில் வீட்டுப் புகைபோக்கி மட்டும் விரதம் இருக்கும். விறகு இல்லாமல் அல்ல. ஊரிலேயே அதிக விறகு அவர் வீட்டு முற்றத்தில்தான் கிடந்தது.

அந்தப் பக்கத்து விறகு மேலி வேர். மேலி என்பது தைல மர ஜாதியில் ஒரு குள்ளம். வெளியே குச்சி குச்சியாக நின்றாலும் மண்ணுக்குள் யானைத்தலை மாதிரி ஒரு முண்டு வைத்திருக்கும். கோதுமைக்கு நிலம் உழும்போது அது மேலே வரும். அதைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கதகதப்பான இரவு தெரியும். நெவிலுக்குக் கிண்ணம் தெரியும். ரயில்வேயில் ஓய்வு பெற்று, ஒரு லேத் வாங்கி, மரம் கடைவோர் சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து இந்த வியாதி.

லாரி விறகைக் கொட்டிவிட்டுப் போனதும் முக்காலி போட்டு உட்காருவார். ஒவ்வொரு வேரையும் சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பார். டங்கென்றால் உள்ளே விரிசல் இல்லை, டொக்கென்றால் சந்தேகம். பிறகு வெட்டுமுகத்தை நாக்கால் நனைப்பார். ஈரம் பட்டால்தான் நிறமும் சுழியும் எழும்பி வரும். தேறினால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி, அது லேத்துக்கு. தேறாதது கணப்புக்கு. ஆனால் தேறாத வேர் என்று ஒன்று அவருக்கு அகப்படுவதே அபூர்வம். விரிசல் இருந்தால் அதுதான் அழகு. உளியின் வாயைப் பெயர்க்கிற கல் உள்ளே புதைந்திருந்தால் அது அந்த மரத்தின் குணம்.

"நேத்து டொக்குன்னு தள்ளினதை இன்னைக்கு எதுக்கு இந்தப் பக்கம் வச்சிருக்க?" என்றாள் அவர் மனைவி நோலீன். மேல்கோட்டும் கம்பளித் தொப்பியுமாகச் சமையலறை வாசலில் நின்றாள்.

"அப்புறமா பார்த்தேன். ஓரத்துல ஒரு சுழி இருக்கு."

"எனக்குந்தான் உச்சந்தலையில சுழி இருக்கு. எங்கயாவது விரிசல் விட்டிருக்கான்னு என்னை ஒருநாள் தட்டிப் பார்த்திருப்பியா?"

"உனக்கு இதுல ஒரு சாலட் கிண்ணம் பண்ணித் தர்றேன்."

"போன வருஷம் பூரா நாலு கிண்ணம் பண்ணின. ஒண்ணு வெடிச்சுது. ஒண்ணு லேத்துலேர்ந்து பிச்சுக்கிட்டு ஜன்னல் வழியா வெளிய போச்சு. மிச்ச ரெண்டுலயும் அடியில ஓட்டை. சாலட் மடியிலதான் கொட்டும்."

கணப்புக்கென்று ஒதுக்கிய குவியலில் அன்று மூன்று வேரும் ஓர் உடைந்த நாற்காலிக் காலும் இருந்தன. நோலீன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி. நான் பண்டபெர்க் போறேன், மெரில் வீட்டுக்கு. வியாழக்கிழமை பஸ். செப்டம்பர்ல வர்றேன்."

மெரில் அவள் தங்கை. அங்கே குளிர்காலத்திலும் வெயில் அடிக்கும். போகாதே என்று சொல்லத்தான் நெவில் வாயைத் திறந்தார். "அங்க நல்லா இதமா இருக்கும்" என்று வந்தது.

"அதுக்குத்தான் போறேன்."

கல்யாணமான நாளிலிருந்து நோலீன் இல்லாமல் ஒரு குளிர்காலத்தை அவர் கழித்ததில்லை. இதை அவளிடம் சொல்லலாம் என்று மூன்று நாள் ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தார்.

புதன்கிழமை சங்கத்து டெஸ் வந்தார், பாதி நலம் விசாரிக்க, பாதி வேர் பார்க்க.

"நோலீன் ஊருக்குப் போறாளாமே. விடுடா, கட்டில்ல அந்தப் பக்கம் காலியாகுது. இன்னும் அரை லாரி அடுக்கலாம்."

"வாயை மூடு" என்றார் நெவில். ஆனால் கட்டிலின் நீள அகலம் ஒரு கணம் மனதுக்குள் ஓடிவிட்டது. அதை நினைத்துத் தானே பயந்துபோனார்.

டெஸ் முற்றத்து மூலைக்குப் போனார். வசந்தகாலக் கண்காட்சிக்கென்று நெவில் வைத்திருந்த பெரிய வேர் அங்கே போர்வைக்குள் இருந்தது. டெஸ் போர்வையின் நுனியைத் தூக்கினார்.

"இது நோலீனோட போர்வையில்ல?"

"அந்த வேருக்குப் பனி ஒத்துக்காது. வெடிச்சிடும்."

"அதுவும் சரிதான். அவளுக்கு ஒத்துக்குதாமா?"

டெஸ் கிண்டலாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் பாட்டுக்குக் கிளம்பியும் போனார். நெவில்தான் நின்ற இடத்திலேயே நின்றார்.

பொழுது சாய்வதற்குள் போர்வையை உதறி மடித்து வைத்தார். வேரின் தலையில் இரும்பு ஆப்பை நிறுத்திச் சம்மட்டியை ஓங்கினார். மேலி வேர் லேசில் பிளக்காது. முதுகு வலித்த பிறகுதான் வாய் திறந்தது. உள்ளே சிவப்பு, ஓரங்களில் கறுப்பு, நடுவில் கொதிக்கும் வெல்லப்பாகு அப்படியே உறைந்ததுபோல் சுழி மேல் சுழி. நாக்கு தானாக வெளியே வந்தது. உள்ளே இழுத்துக்கொண்டார்.

நோலீன் கூடத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பாதிகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"அது கண்காட்சிக்கு வச்சிருந்ததாச்சே."

"ஆமா."

"இங்க எதுக்குத் தூக்கிட்டு வந்த?"

"குளிருது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உனக்கு" என்றார்.

அவள் தடுப்பாள் என்று அவர் உள்ளூர எதிர்பார்த்தார். அவளோ கணப்பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"போடு, பார்க்கலாம்."

அடியில் நாற்காலிக் காலைக் கொளுத்தி, மேலே முதல் பாதியை வைத்தார். வெகுநேரம் வெறும் புகை. பிறகு ஓரம் சிவந்து, உள்ளிருந்து நீலமாகச் சுடர் எழுந்தது. பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டவர் மாதிரி நெவில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோலீன்" என்றார், திரும்பாமல். "நீ போகாம இருந்தா நல்லாயிருக்கும்."

"இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு பெரிய வேர் தேவைப்பட்டுச்சா?"

அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"மெரில், நான் இப்போதைக்கு வரலடி. எனக்கு ஒண்ணும் இல்ல, இந்த மனுஷனுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு. நல்ல மரத்தைப் போட்டு எரிச்சிட்டிருக்கான். இந்த நிலைமையில எப்படித் தனியா விட்டுட்டு வர்றது, நீயே சொல்லு."

நெவில் இரும்புக் கம்பியால் நெருப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். கிளற வேண்டிய அவசியமே இல்லை. மேலி வேர் ஒருமுறை பிடித்துவிட்டால் விடியும்வரை தன்னால் எரியும்.