கல்யாணமாகாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்

"கம்பெனியிலேர்ந்து யாராச்சும் வந்தா, அம்மான்னு ஓடி வந்து கட்டிக்கக் கூடாது. சித்தின்னு கூப்பிடணும். எங்க, சொல்லு பாப்போம்?"

தங்கை மகளுக்குப் பிரமோனோ பாடம் நடத்திக்கொண்டிருந்தான். ஐந்து வயது கினாந்தி டெம்பே என்னும் சோயா வறுவலைக் கடித்தபடி யோசித்தாள்.

"அப்ப என் அம்மா யாரு மாமா?"

சமையலறையிலிருந்து ரெத்னோ வெளியே வந்தாள். "அண்ணே, பிள்ளைக்கு என்ன சொல்லித் தர்ற?"

"உனக்கு வேலை வாங்கித் தர்றேன்" என்று அவன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

புருஷன் நோயில் இறந்த பிறகு, உதவித்தொகையில் உணவு அறிவியல் முதுகலை முடித்தவள் ரெத்னோ. இந்தோனேசியாவின் செமாராங் துறைமுகத்தை ஒட்டிய இறால் தொழிற்சாலையில் பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். அவள் படிப்புக்கென்றே செய்தது போன்ற வேலை. விளம்பரத்தின் கடைசி வரி மட்டும் இடித்தது: லட்சணமாக இருக்க வேண்டும், கல்யாணமாகியிருக்கக் கூடாது. அந்த ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பிரமோனோ எழுதவைத்த கடிதம் திரையில் பளபளத்தது. அதிலிருந்த ரெத்னோவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. சுரபாயாவில் ஒரு பெரிய ஆய்வகத்தில் வேலை பார்த்திருந்தாள். புகைப்படத்தில் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையம்கூட இல்லை.

"நான் சுரபாயாவுக்குப் போனதே இல்லையேண்ணே."

"ஏஐ போயிட்டு வந்துருச்சு! ஊரே இப்படித்தான் எழுதுது. நீ மட்டும் என்ன வானத்துலேர்ந்து குதிச்சவளா?"

தொழுகை ஆடையை மடித்துக்கொண்டிருந்த தாய் சுமியாத்தி குறுக்கிட்டாள். "விதவைன்னு தெரிஞ்சா அங்க இருக்கிறவனுங்க பொண்டாட்டிங்க சும்மா விடுவாளுங்களா? பேசாம அண்ணன் சொல்றதக் கேளுடி."

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. "தொழுதுட்டு வந்து அனுப்பிடறேன்" என்று பிரமோனோ தொப்பியைப் போட்டுக்கொண்டு பக்தியோடு கிளம்பினான்.

ரெத்னோ 'பிஸ்மில்லாஹ்' என்று சொல்லிக்கொண்டு அந்தக் கடிதத்தை அழித்தாள். தான் செய்ததைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டினாள். இறாலில் கிருமி தேடியது, நடுவில் படிப்பை விட்டுப் புருஷனைப் பார்த்துக்கொண்டது, பிள்ளையோடு திரும்பி வந்து முடித்தது. 'பிழையை மட்டும் திருத்து. எதையும் கூட்டாதே' என்று ஏஐயிடம் சொன்னாள். அப்படியும் அது அவளுக்குக் கீழே ஆறு பேரை வேலைக்கு வைத்துவிட்டது. 'ஆறு பேர் கிடையாது, நான் ஒருத்திதான்' என்றதும் மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டது. இந்த வீட்டில் அவள் சொன்னதை இவ்வளவு சீக்கிரம் யாரும் கேட்டதில்லை.

விஷயம் தெரிந்ததும் பிரமோனோ தலையில் அடித்துக்கொண்டான். "போச்சு! கூப்பிடவே மாட்டான்!"

ஆனால் கூப்பிட்டார்கள்.

நேர்காணல் எடுத்தவர் ஹர்சிவி என்ற நரைத்த அம்மையார். "வந்த கடிதம் பூரா ஒரே அச்சும்மா. எல்லாருக்கும் இறால்னா உயிராம்! உங்களோடதுலதான் நெஜமாவே இறால் நாத்தம் அடிச்சுது. ஏஐ இல்லாம எழுதினீங்களோ?"

"இல்ல மேடம், அதை வச்சுத்தான். இங்கிலீஷ் திருத்தித் தந்துச்சு, இன்டர்வியூவுக்குக் கேள்வி கேட்டு என்னைப் பழக்குச்சு. அதுல இருக்கிற வேலையெல்லாம் நான் செஞ்சது."

அவர் சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். "கெட்டுப்போன சரக்கை நல்லதுன்னு எழுதச் சொல்லி மேலதிகாரி நெருக்கினா?"

"எழுத மாட்டேன் மேடம். யார் வீட்டுப் பிள்ளையோ திங்கும்."

"இந்த மாதிரி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்." ஹர்சிவி மகிழ்ந்துபோனார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவள் நிரப்பிய விண்ணப்பத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். "இந்தக் கட்டத்துல மட்டும் கல்யாணமாகலைன்னு மாத்திடுங்க. யாரும் துருவ மாட்டாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உண்மையான பரிவோடுதான் அவர் சொன்னார். ரெத்னோவுக்கு அது புரிந்தது. வீட்டு வாடகையும் கினாந்தியின் பள்ளிக்கூடமும் கண்முன் வந்து நின்றன. பேனாவைத் தொடாமல் பணிவாகக் கேட்டாள்:

"அப்ப, அந்தச் சரக்குக் கேள்விக்கு நான் சொன்ன பதிலையும் மாத்திக்கணுமா மேடம்?"

ஹர்சிவியின் முகம் மெல்லச் சிவந்தது. தாளைத் தன் பக்கம் இழுத்து, அதிலிருந்த எதையும் மாற்றாமல், கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"இப்படியே மேல அனுப்புறேன். என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா அதை அவங்க வாயாலயே சொல்லட்டும்."