ஒன்பதாம் பாட்டில் ஒரு மூச்சு

படம் முழுக்கப் பாட்டு. கதவைத் திற என்பதைக்கூடப் பாடித்தான் சொல்வார்கள். படம் வெளியாகும் முன், அதில் வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் போட்ட பகல் காட்சி முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, “எனக்குப் பிடிச்சிருந்தது,” என்றேன்.

“உங்களுக்குப் பிடிக்காமயா? நீங்க போட்ட சத்தமாச்சே,” என்றாள் மனைவி. “எனக்குப் பிடிக்கல. பொணத்துக்குப் பவுடர் அடிச்ச மாதிரி இருக்கு.”

அந்தப் படத்தின் ஒலியை வெட்டி, ஒட்டி, கலப்பது என் வேலை. அவள் டிராக் பாடுபவள். பாட்டைப் படமெடுக்கும்போது நாயகி வாயசைக்க ஒரு குரல் வேண்டும். பெரிய பாடகி தேதி கொடுக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் வேறொருத்தி பாடி வைப்பாள், அதுதான் டிராக். படப்பிடிப்பில் நாயகி திரும்புவதும் விம்முவதும் அந்தக் குரலைக் கேட்டுத்தான். பெரிய பாடகி வந்து பாடியதும் அதை அழித்துவிடுவோம். எப்போதாவது டிராக்கே நன்றாக அமைந்து, படத்தில் நிலைத்துவிடுவதும் உண்டு.

அந்த எப்போதாவதுக்காகப் பதினோரு வருடமாகப் பாடுகிறாள். இந்தப் படத்தின் ஒன்பதாவது பாட்டு நிலைக்கும் என்று நம்பியிருந்தாள். நிலைக்கவில்லை. “உன் பாட்டை யாரும் கேக்கவே இல்லம்மா. பெரிய பாடகின்னு முதல்லயே முடிவாயிடுச்சு,” என்று அப்போது சமாதானம் சொல்லியிருந்தேன்.

“ஒன்பதாவது பாட்டுமா பிடிக்கல?”

“அதுதான் சுத்தமாப் பிடிக்கல. பாடுறது அவங்க. மூணாவது வரிக்கு முன்னாடி மூச்சு வாங்குறது நான். அன்னைக்கு எனக்கு ஜலதோஷம், மூச்சு ரெண்டா உடைஞ்சுது. என் மூச்சு எனக்குத் தெரியாதா?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலையைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் என் வாய் நிற்காது.

“அங்கதான் விஷயமே இருக்கு! நீ ரெண்டு தடவையா மூச்சு இழுத்தியா, அதைக் கேட்டு நடிச்ச பொண்ணோட தோள் ரெண்டு தடவை ஏறிடுச்சு. அவங்க மூச்சு ஒரே இழுப்பு. அதை வச்சா தோள் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். அதான் குரல் அவங்களது, மூச்சு மட்டும் உன்னுது. ஒட்டு தெரியாம இழைக்க ரெண்டு நாளாச்சு. டைரக்டருக்கு உன் பாட்டை முழுசாப் போட்டு, அவங்களதைப் போட்டு, மாத்தி மாத்தி...”

நிறுத்தினேன்.

“என் பாட்டை முழுசாப் போட்டீங்களா?”

எங்கள் பேருந்து வந்தது. இரண்டு பேரும் ஏறவில்லை.

“யாரும் கேக்கவே இல்லன்னீங்க?”

கடந்து போகும் பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கேட்டுட்டு என்ன சொன்னார்?”

“ரெண்டுமே நல்லாருக்கு, உன் காது என்ன சொல்லுதோ அதை வைன்னார்.”

“உங்க காது என்ன சொல்லுச்சு?”

“பொண்டாட்டிய உள்ள நுழைக்கிறான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிடக்கூடாதில்ல...”

“ஊர் வாயைக் கேக்கல. உங்க காதைக் கேக்குறேன்.”

“உன்னுதுதான்.”

அவள் அழவில்லை. கைப்பையின் வாரை மட்டும் இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“உங்க நல்ல பேருக்கு என் பாட்டைத் தூக்கிக் குடுத்துட்டீங்க. மூச்சை எதுக்கு விட்டு வச்சீங்க? என் மேல இருக்கிற பாசத்துலயா? வேலை சுத்தமா இருக்கணும்னுதானே?” என்றாள். “அதையும் எடுத்துடுங்க.”

“அது இல்லன்னா அந்த இடமே...”

“கடைசிக் கலவைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல? எடுத்துடுங்க.”

அடுத்த பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இடமிருந்தும் அவள் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

மறுநாள் காலையில் எடுத்தேன். நாலு நிமிட வேலை. கணினித் திரையில் ஓடும் ஒலிக்கோட்டில் அவள் மூச்சு இரண்டு சின்ன மேடு. இருபுறமும் வெட்டினேன். வெட்டிய இடத்தை அப்படியே விட்டால் காதில் குழி விழும். அதற்காகப் பாட்டு பதிவான அறையின் வெறும் நிசப்தத்தையும் தனியாகப் பதிந்து வைத்திருப்போம். அதை எடுத்து நிரப்பினேன்.

மதியம் டைரக்டர் வந்து உட்கார்ந்து கேட்டார். மூன்றாவது வரிக்கு முன்னால் நாயகியின் தோள் இரண்டு முறை ஏறி இறங்கியது, எந்தச் சத்தமும் இல்லாமல்.

“நிறுத்துய்யா. இந்த இடத்துல என்னமோ போயிடுச்சே, என்னது?”

சின்னச் சந்தேகத்துக்கும் காகிதத்தில் படம் போட்டு விளக்குகிறவன் நான்.

“ஒண்ணுமில்ல சார்,” என்றேன்.